வீட்டுக்கு ஒரு மீன்

கிட்ட வாங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட, இஸ்திரிப்பெட்டிச் சூடு படாத பக்கமாகப் பார்த்து உட்காருங்க. சத்தமாகச் சொல்ல முடியாத கதை இது. அந்த ஜன்னலுக்கு உள்ளே தொட்டியில் மீன் இருக்கிறது, சத்தம் போட்டால் மீன் மிரளும், மீன் மிரண்டால் இந்த ஏழாம் பிளாக் முழுக்க மிரளும், அப்புறம் கதை சொல்கிற நானே சொல்வதை விட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வேன், நீங்கள் இங்கே தனியாகக் கரி அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நாங்கள் இருப்பது கொளத்தூர் வண்ண மீன் கடைத் தெருவுக்குப் பின்னால் இருக்கிற ஹவுசிங் போர்டு. எங்கள் பிளாக்குக்கு ஒரு பழக்கம், எதையும் தனித்தனியாக வாங்க மாட்டோம். ஏணி பொதுவில் ஒன்று, மோட்டாரைத் திருகுகிற ஸ்பேனர் ஒன்று, பொண்ணு பார்க்க வந்தால் எடுத்து வைக்கிற பூப்போட்ட கப்பு சாசர் ஒரு செட்டு, அது இப்போது எந்த வீட்டில் இருக்கிறது என்று மாடி மாடியாகத் தேடுவதற்குள் பொண்ணு பார்க்க வந்தவர்கள் டம்ளரில் காபி குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அப்படிப்பட்ட பிளாக்கில் கீழ்வீட்டுத் தனபாக்கியத்தின் டிவி ஒரு வெயில் காலத்தில் புகைந்து போனது. டிவி இருந்த மர மேஜை காலியாக இருக்க, அவள் மகள் குயிலி அங்கே ஒரு மீன் தொட்டி வைக்கலாம் என்றாள். நல்ல யோசனைதான் என்று எல்லாருமாக எழுந்து மீன் கடைத் தவசியிடம் போனோம்.

தவசி காட்டிய மீன் ஒரு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம் இருக்கும். உடம்பில் ஒரு நீலக் கோடு, வால் பக்கம் சிவப்பு, தண்ணீருக்குள் யாரோ சின்னச் சின்ன டியூப் லைட்டைப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. இது கூட்டமாகத்தான் இருக்கும், தனியாக விட்டால் பயத்திலேயே செத்துப்போகும், வாங்கினால் ஒரு கும்பலாக வாங்குங்கள் என்றான் தவசி. கும்பல் யாருக்கு வேண்டும், ஆளுக்கு ஒன்று போதும் என்றோம் நாங்கள். அப்படியே வீட்டுக்கு ஒரு மீன் வாங்கி, எல்லா மீனையும் தனபாக்கியம் வீட்டு ஒரே தொட்டியில் விடுவது என்று முடிவானது. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் மீன் இருந்த பாலிதீன் பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள், பைத் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வருகிறவரை காத்திருந்தார்கள், அப்புறம் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும், கைக்குழந்தை முதற்கொண்டு, பையில் கை வைத்து, முடிச்சை அவிழ்த்து, எங்கள் வீட்டு மீன் போகிறது என்று சொல்லி விட்டார்கள். விட்ட மறுநொடியே எது யார் மீன் என்று யாருக்கும் தெரியாமல் போனது. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று அப்போது நினைத்தோம்.

ஒரு திங்கட்கிழமை எங்கள் பிளாக் ஆரோக்கியம் தன் ஆட்டோவில் சென்ட்ரலுக்கு ஒரு சவாரி ஏற்றினான். பஸ் நிறுத்தம் வரை ஒழுங்காகப் போன ஆட்டோ, பஸ் நிறுத்தம் வந்ததும் யாரும் சொல்லாமல் திரும்பியது, ஏறின இடத்திலேயே அந்த ஆளைக் கொண்டுவந்து இறக்கியது. அவர் திட்டிவிட்டு மறுபடி ஏறினார், மறுபடி அதே இடத்தில் இறங்கினார். அதே நேரத்தில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பினார்கள், ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போன பெண்கள் திரும்பினார்கள், நான் எங்கள் சங்கத் தலைவர் வரதன் சாரின் வெள்ளைச் சட்டை மேல் இஸ்திரிப்பெட்டியை வைத்தது வைத்தபடி நடந்துபோய், பஸ் நிறுத்தத்தைத் தொட்டு, எல்லாரோடும் திரும்பினேன். வந்து பார்த்தால் சட்டை முதுகில் படகு மாதிரி ஒரு காவி நிறத் தீய்ச்சல். உள்ளே தொட்டியில் மீன்கள் வலது கண்ணாடி வரை போய், மூக்கால் தொட்டு, ஒன்றாகத் திரும்பி, இடது கண்ணாடிக்குப் போய்க்கொண்டிருந்தன. மீன் திரும்பியது, நாங்களும் திரும்பினோம். அவ்வளவுதான் விஷயம்.

ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டவர்கள் எல்லாரும் எங்களோடு நடந்து நடந்து கால் வலித்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் கேட்கவில்லை, எங்களுக்கு அதைவிடப் பெரிய தொல்லைகள் இருந்தன. ஒரு வீட்டில் பால் தீர்ந்தால் எல்லா வீடும் தூக்குவாளியோடு பால் பூத்தில் போய் நின்றது, எங்களைத் தெருமுனையில் பார்த்ததும் பூத்துக்காரர் ஷட்டரை இறக்கக் கற்றுக்கொண்டார். டீக்கடைக்காரர் புத்திசாலி, நாங்கள் போகிற நேரத்துக்கு ஒரு வரிசை, திரும்புகிற நேரத்துக்கு ஒரு வரிசை என்று டீயை ஆற்றிப் பலகையில் வைத்துவிடுவார், நடந்தபடியே எடுத்து, நடந்தபடியே குடித்து, திரும்பி வரும்போது டம்ளரை வைப்போம். சண்டை போட முடியவில்லை, அதுதான் பெண்களுக்குப் பெரிய கஷ்டம், ஒருத்தி வாயைத் திறந்து நாலு வார்த்தை நல்லபடியாகக் கேட்பதற்குள் இரண்டு பேரும் ஒரே பக்கம் திரும்பிவிட, கேட்டவளும் கேட்கப்பட்டவளும் ஒருத்தி முதுகை ஒருத்தி பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் மஞ்சள் காமாலை என்று போனில் லீவு சொன்னார்கள். ஒரே பிளாக்கில் அத்தனை பேருக்கும் மஞ்சள் காமாலையா என்று சுகாதாரத்துக்காரர்கள் வந்து சாக்கடை முழுக்க மருந்து அடித்துவிட்டுப் போனார்கள். பஸ் கண்டக்டர்கள் முதல் வாரம் எங்களைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்கள், அடுத்த வாரம் விசில் கொடுப்பதைக்கூட விட்டுவிட்டார்கள். எட்டாம் பிளாக்காரர்கள் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களைப் பார்த்து நேரம் சொன்னார்கள்.

சங்கத் தலைவர் வரதன் சார் சும்மா இருக்கிறவர் இல்லை. அவர் மில்லில் யூனியன் வைத்திருந்தவர், எதற்கும் ஒரு தீர்மானம் போட வேண்டும் அவருக்கு. தொட்டித் தண்ணீர் கெட்டுப்போய்விட்டது, அதுதான் காரணம் என்று சொல்லி, குயிலி எவ்வளவோ சொல்லியும் கேளாமல், பழைய தண்ணீரை மொத்தமாக இறைத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து நேராக ஊற்றினார். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்து, மருந்து நெடி போன பிறகு, அதுவும் கால்வாசித் தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும் என்பது கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். அன்றைக்கு முழுக்க ஏழாம் பிளாக்கில் ஒருத்தருக்கும் மூச்சு சரியாக வரவில்லை, கண் எரிந்தது, எல்லாரும் மொட்டை மாடியில் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக நின்றோம். அப்புறம் தொட்டியை ஒரு போர்வையால் மூடிப் பார்த்தார். இருட்டில் அந்த மீன் நிறம் வெளுத்து, நின்ற இடத்தில் அசையாமல் நிற்கும். நாங்களும் வெளுத்து, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி இருந்தோம், அடுப்பில் சாம்பார் தீய்ந்து வாசம் வந்தும் எழுந்துபோய் இறக்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. போர்வையை எடுக்கவே எட்டாம் பிளாக்கிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. அப்புறம் ஆளுக்கு ஒரு மீனைப் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று வலையில் ஒன்றைப் பிடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டார்கள். அது நிறம் மங்கி, பாட்டில் அடியில் சாய்ந்து நடுங்கியது, ஆரோக்கியத்தின் வீட்டில் அவன், அவன் பெண்டாட்டி, மாமியார் மூன்று பேரும் கட்டிலுக்கு அடியில் புகுந்து நடுங்கினார்கள். அப்போதுதான் எது ஆரோக்கியத்தின் மீன் என்று தெரிந்தது. திரும்பத் தொட்டியில் விட்டதும் மறுபடி தெரியாமல் போனது.

கடைசியாகப் பெரிய தொட்டி வாங்கினோம். எல்லா வீடும் சேர்ந்து தூக்கி வந்து, மேஜைக்கு முட்டுக் கொடுத்து, வடிகட்டியும் காற்று மோட்டாரும் மாட்டி, மீனை மாற்றினோம். மறுநாள் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நடந்தோம், சிலர் அழுதார்கள், ஆரோக்கியம் ஆட்டோவில் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தான். ரயில்வே கேட் வரை போனோம். கேட்டைத் தொட்டோம். திரும்பினோம். எவ்வளவு பெரிய தொட்டிக்கும் ஒரு கண்ணாடி உண்டு என்பதை நாங்கள் முதலிலேயே யோசித்திருக்கலாம்.

மற்றவர்களுக்கு அது ஒரு சலிப்பு, குயிலிக்கு அது உயிர் போகிற விஷயம். குயிலி பரீட்சை எழுதி ரயில் ஓட்டுகிற வேலைக்குத் தேறியிருந்தாள், எங்கள் பிளாக்கில் ரயிலில் டிக்கெட் எடுத்து ஏறினவர்களே குறைவு, ஓட்டப் போகிறவள் அவள் ஒருத்திதான். திருச்சியில் பயிற்சி. ஒரு தடவை மஞ்சள் காமாலை சொல்லித் தள்ளிப் போட்டாயிற்று, வருகிற வெள்ளிக்கிழமை வராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டால் எங்கள் மொத்தப் பிளாக்கும் பின்னால் புறப்பட்டது. ரயில்வே கேட் வரை போவாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்டேஷன், நடைமேடை, மின்சார ரயில் வந்து நிற்கும், ஓட்டுகிறவர் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்ப்பார். குயிலி கேட் கம்பியைப் பிடித்துக்கொள்வாள், விரல் வெளுக்கிற அளவுக்குப் பிடிப்பாள், நாங்கள் எல்லாரும் திரும்ப, அவள் விரலும் ஒவ்வொன்றாகக் கழன்று, அவளும் திரும்புவாள். பையைச் சுமந்துகொண்டு எங்களோடு வீட்டுக்கு வருவாள்.

இதில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் வருத்தம் இல்லை, அது தனபாக்கியம். அவள் புருஷன் லாரியில் போனவன், போன ஊரிலேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டு தங்கிவிட்டான். அதிலிருந்து வாசலில் யார் செருப்பு மாட்டினாலும் அவள் எழுந்து வந்து எங்கே போறே என்று கேட்பாள். மீன் திரும்புகிற தொட்டி அவளுக்குச் சாமி கொடுத்த தொட்டி. ஜாக்கெட் தைத்துக்கொண்டே அதைப் பார்ப்பாள், இரண்டு விரலில் மீன் தீனிப் பொடி எடுத்துத் தூவுவாள், தின்று முடிக்கிற அளவுக்குத்தான் தூவ வேண்டும் என்று ஆளாளுக்குப் பாடம் எடுப்பாள். குயிலி ஒரு நாள் தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உனக்கு இது சந்தோஷமா இருக்கு, இல்லம்மா?"

"நான் என்னடி பண்ணேன்? மீன் திரும்புது."

"மீன் திரும்புது. நீ சிரிக்கிற."

தனபாக்கியம் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். மிதிக்கிற சத்தம் அன்றைக்கு நெடுநேரம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது, துணி எதுவும் வைக்காமல் மிதித்தாள் என்று பிற்பாடு தெரிந்தது.

குயிலி அதற்குப் பிறகு அழவில்லை, பையைத் தூக்கவில்லை. நாற்காலியைப் போட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் நடக்கிற நேரம் அவளும் நடந்தாள், வந்ததும் மறுபடி உட்கார்ந்தாள். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயத்தைக் கண்டாள். பீரோ கதவு எப்போதாவது திறந்து அதன் கண்ணாடி தொட்டி பக்கம் திரும்பினால், மீன்கள் அந்தப் பக்கமாக ஒதுங்கி, கண்ணாடியில் தெரிகிற மீன்களையும் தங்கள் ஆட்களாகச் சேர்த்துக்கொண்டு, தோளோடு தோள் உரசுகிற மாதிரி போய்வந்தன. அவற்றுக்கு நிஜ மீன் எது, கண்ணாடி மீன் எது என்று கணக்கு இல்லை, பக்கத்தில் ஒரு நீலக் கோடு கூட ஓடினால் போதும்.

அன்றைக்கு அவள் வலையை எடுத்து ஒவ்வொரு மீனாகப் பிடித்தாள். ஒன்றைப் பிடித்தால் மூன்றாவது மாடியில் பாத்திரம் விழுந்தது, விட்டுவிட்டாள். இன்னொன்றைப் பிடித்தால் வரதன் சார் மேஜைக்கு அடியிலிருந்து கண்டனம் தெரிவித்தார், விட்டுவிட்டாள். ஒரு மீனைப் பிடித்தபோது அவள் முழங்காலே கழன்றுபோன மாதிரி ஆனது, மெஷினில் இருந்த தனபாக்கியத்தின் கையிலிருந்து கத்தரிக்கோல் விழுந்தது. நடுங்குகிற கையாலேயே அதை ஊறுகாய் பாட்டிலில் விட்டு, பவுடர் பூசுகிற வட்டக் கண்ணாடியை வெளியே ஒட்டினாற்போலப் பிடித்தாள். அடியில் சாய்ந்து கிடந்த மீன் ஒரு கண்ணால் கண்ணாடியைப் பார்த்தது. நிமிர்ந்தது. பக்கத்தில் ஓடுகிற மீனோடு ஓடிப் பார்த்தது. நீலக் கோடு பளிச்சென்று வந்தது, அவள் முழங்கால் நடுக்கமும் நின்றது.

தான் போக வழி கிடைத்துவிட்டது. ஆனால் அந்த மீன் அவளுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரே மீன், இருவர் கையும் வைத்து விட்ட மீன். அதை எடுத்துக்கொண்டு போனால் தனபாக்கியம் கூட்டத்தில் ஆள் இல்லாமல் தனியாகக் கட்டிலுக்கு அடியில் கிடப்பாள். அதனால் குயிலி அன்றைய நடையில் தவசி கடை வாசலில் கையை மட்டும் நீட்டி இன்னொரு மீன் வாங்கினாள். பையோடு கொண்டுவந்து தொட்டியில் மிதக்கவிட்டாள். எங்களையெல்லாம் கூப்பிட்டு, யாரும் தொடாதீங்க, இதை அம்மாதான் விடணும், அம்மா கை மட்டும்தான் படணும் என்றாள்.

தனபாக்கியத்துக்கு ஒரே பார்வையில் எல்லாம் புரிந்தது. நான் விட மாட்டேன் என்றாள். விட்டால் நீ போயிடுவே, விடலைன்னா போக மாட்டே, பெத்த மனசைப் பணயம் வைக்கிறியா என்று கேட்டாள். அது உண்மையும்தான், அம்மாவை நடுங்கவிட்டுவிட்டு அவள் போக மாட்டாள் என்று இருவருக்கும் தெரியும். அன்றைக்கு வியாழக்கிழமை. பை மிதந்தது. சூடு எப்போதோ ஒன்றாகிவிட்டது. வெளியே மீன் கூட்டம் பையைச் சுற்றிச் சுற்றி வந்தது, உள்ளே இருந்த மீன் பாலிதீனில் மூக்கை வைத்து அவை போகிற பக்கமெல்லாம் போய், முடிச்சில் முட்டித் திரும்பியது. தனபாக்கியம் சமைத்தாள், பை மிதந்தது. சாப்பிடாமல் பாத்திரம் தேய்த்தாள், பை மிதந்தது. பைக்குள் காற்று குறையக் குறைய மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. வாசலில் மொத்தப் பிளாக்கும் நின்றோம். வரதன் சார் ஏதோ தீர்மானம் சொல்ல வாயெடுக்க, ஆரோக்கியம் அவர் தோளில் கை வைத்து, தலைவரே, இது சங்கக் கூட்டம் இல்ல, சும்மா நில்லுங்க என்றான்.

"இஸ்திரி அண்ணே," என்று தனபாக்கியம் என்னைப் பார்த்தாள். "அது அந்தப் பைக்குள்ள கெடந்து செத்துடுமாண்ணே?"

ஆமாம்மா, இன்னும் கொஞ்ச நேரத்தில என்றேன்.

அவள் மகளைப் பார்க்கவில்லை. தொட்டி கிட்டே போனாள், முந்தானையில் கையைத் துடைத்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, சோப்பு இருக்கும் என்று மறுபடி போய்க் கையை அலசிக்கொண்டு வந்தாள். முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது, நகத்தால் அவிழவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தாள். பையின் வாயைத் தண்ணீரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். மீன் வெளியே வந்தது, ஒரு கணம் திகைத்தது, கூட்டம் அதை வாங்கிக்கொண்டது.

"போ," என்றாள் தனபாக்கியம். யாரிடம் சொன்னாள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மீன் புறப்பட்டது, நாங்களும் புறப்பட்டோம். குயிலி முதுகில் பை, கையில் ஊறுகாய் பாட்டில், பாட்டிலோடு சேர்த்து ரிப்பனால் கட்டின வட்டக் கண்ணாடி. பூத்துக்காரர் ஷட்டரை இறக்கினார், டீக்கடைக்காரர் அன்றைக்குக் குயிலிக்கு மட்டும் டீயை நின்று குடிக்கச் சொல்லிக் கெஞ்சினார், அவள் நடந்தபடியே குடித்தாள். வரதன் சார் படகுத் தீய்ச்சல் போட்ட வெள்ளைச் சட்டையோடு, தன் தீர்மானம்தான் ஜெயித்தது என்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைசியில் வந்தார். தனபாக்கியம் மகளுக்குப் பக்கத்திலேயே வந்தாள், வழி முழுக்க வெந்நீர் குடி, துணியை ஈரத்தோடு மடிக்காதே, பாட்டிலில் ஒரு நாளுக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் போடாதே என்பதைத் தவிர வேறு பேசவில்லை.

ரயில்வே கேட் வந்தது. குயிலி கம்பியைப் பிடிக்கவில்லை. எங்களுக்குள் ஒரு அலை ஓடியது, நாங்கள் திரும்பினோம், வரதன் சார் திரும்பினார், ஆரோக்கியத்தின் ஆட்டோ திரும்பியது, தனபாக்கியமும் திரும்பினாள், கடைசியாக மகள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கழுத்தை எவ்வளவோ பிடித்து வைத்துப் பார்த்தாள், கழுத்தும் திரும்பிவிட்டது. தொட்டியில் ஒரு மீன் குறையாமல், எங்களில் ஒரு செருப்புச் சத்தம் மட்டும் குறைந்தது. அவள் தண்டவாளத்தைத் தாண்டுகிற சத்தம் எங்களுக்குப் பின்னால் கேட்டது. அவள் கால் தடுமாறிற்றா, போய்ச் சேர்ந்தாளா, எதையும் பார்க்க முடியாது, முதுகில் கண் இல்லை. தனபாக்கியம் எனக்கு முன்னால் நடந்தாள், வாயைப் புடவையால் மூடிக்கொண்டு, முன்னால் போகிற வரதன் சாரின் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

ரயில் வருகிற சத்தம் கேட்டது. அப்போது வரதன் சாரின் சட்டை முதுகில், சரியாக அந்தப் படகுத் தீய்ச்சல் மேல், ஒரு வட்ட வெளிச்சம் வந்து விழுந்தது. விழுந்து நின்றது, ஆடியது, கீழே இறங்கித் தனபாக்கியத்தின் கால் முன்னால் தெருவில் ஓடியது, மறுபடி சட்டைக்கு ஏறியது. பிற்பாடு குயிலி போனில் சொல்லித் தெரிந்துகொண்டோம், நடைமேடையில் நின்று அவள் ரிப்பனை அவிழ்த்துக் கண்ணாடியை வெயிலில் காட்டிக்கொண்டிருந்தாள், பாட்டில் மீனுக்குப் பக்கத்தில் அப்போது கண்ணாடி மீன்கூட இல்லை, அதனால் அவளுக்கு முழங்கால் நடுங்கியிருக்கும், வெளிச்சமும் அதனால்தான் அப்படி நடுங்கியது. தனபாக்கியம் வாயிலிருந்து புடவையை எடுத்தாள். ரயில் வந்து நிற்கிறவரை குயிலி அந்த வெளிச்சத்தை அம்மா கண்ணுக்கு முன்னாலேயே பிடித்து வைத்திருந்தாள், அப்புறம் கண்ணாடியைப் பாட்டிலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏறினாள்.